ஆளுக்கு ஒரு பிடி

வெள்ளிக்கிழமை காலை வகுப்பறைக்குள் நுழைந்ததும் என் கண் நேராக ஜன்னலுக்குத்தான் போனது. ஜன்னல் கட்டையில் பதினெட்டு யோகட் கப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர் ஒட்டியிருக்கும், உள்ளே சிவப்புப் போஞ்சி விதைகள் கிடக்கும். கடைசிக் கப்பு லக்ஷிகாவுடையது. முந்தின நாள் நான் கிளம்பும்போது அதில் ஒன்பது விதைகள் இருந்தன. நான் எண்ணிவிட்டுத்தான் போயிருந்தேன்.

இப்போது அதில் முப்பத்து நான்கு.

இரண்டு தடவை எண்ணினேன். ஜன்னல் வழியாக மஸ்கெலியா நீர்த்தேக்கத்துப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. விரல் விறைத்துப்போய் எண்ணிக்கை தப்பியிருக்குமோ என்று மூன்றாவது தடவையும் எண்ணினேன். அதே முப்பத்து நான்குதான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். பாடசாலைக் கூரை ஒழுகிய கதையைப் போன வாரம் படித்துவிட்டு, "உங்கள் கோபத்தைப் பார்த்தே மழை நின்றிருக்கும்" என்று பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மணி, நின்றது மழை மட்டும்தான். கோபம் இன்னும் நிற்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக் கோபத்தைச் சொல்லுமுன், போஞ்சி விதை எப்படி வகுப்புக்குள் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சப்பாத்தும் நன்றியும்

எங்களுடையது தோட்டப் பாடசாலை. விருந்தாளிகள் அடிக்கடி வருவார்கள். ஒரு வேன் நிறையக் காலுக்குப் போடும் சப்பாத்து வரும். இன்னொரு வேனில் புத்தகப் பை வரும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவோம். கையில் பொருளைக் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். நான் கையை உயர்த்தியதும் என் தரம் நான்கு பிள்ளைகள் ஒரே குரலில், "நன்றி! நன்றி! நன்றி!" என்பார்கள். மூன்று தடவை சொல்லச் சொல்லிப் பழக்கியது நான்தான்.

வந்தவர்கள் நல்லவர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் கிளம்பியது. ஒரு சப்பாத்து நாள் முடிந்து வேன் வளைவில் மறைந்த பிறகு, பிரவீன் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். வகுப்பில் அவன்தான் வாயாடி.

"டீச்சர், அவங்களுக்கு நாம என்னா குடுக்கிறது?"

"நன்றி சொன்னோமே, அது போதும்."

"அது சும்மா சத்தம்தானே டீச்சர்?"

அவனுக்குப் பதில் சொல்லாமல் வாய்பாட்டைச் சொல்லச் சொன்னேன். பதில் தெரியாத ஆசிரியர்களுக்கு வாய்பாடு பெரிய துணை.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிள்ளைகளுக்கு வாங்கத்தான் பழக்கியிருக்கிறோம், கொடுக்கப் பழக்கவில்லை என்று தோன்றியது. அதே மாதம் ஹட்டனில் ஒரு செயலமர்வு நடந்தது. பிள்ளைகளிடம் நன்றியுணர்வையும் ஈகையையும் வளர்ப்பது எப்படி என்பதுதான் தலைப்பு. கரும்பு தின்னக் கூலியா? முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். நன்றி சொன்னால் ஒரு புள்ளி, உதவி செய்தால் ஒரு புள்ளி, பகிர்ந்து உண்டால் ஒரு புள்ளி என்று அங்கே ஒரு முறை சொல்லிக்கொடுத்தார்கள். எழுதிக்கொண்டு வந்தேன்.

புள்ளிக்குப் பதில் விதை போடுவோம் என்பது என் சொந்த மூளை. மஸ்கெலியா கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் ஹமீது நானாவிடம் பொத்தானோ புளியங்கொட்டையோ ஏதாவது சின்னதாகக் கிடைக்குமா என்று கேட்டேன். நானா உள்ளே போய், முற்றிக் காய்ந்த போஞ்சி ஒரு சாக்குக் கொண்டுவந்து போட்டார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க டீச்சர். புள்ளைகளையே உரிக்கச் சொல்லுங்க. மிச்சத்த நட்டுருங்க."

யோகட் கப்புகளைப் பிள்ளைகள் கழுவிக் கொண்டுவந்தார்கள். சட்டம் இதுதான்: நல்ல காரியம் ஒன்றுக்கு ஒரு விதை. இரண்டு வாரத்தில் முப்பது விதை சேர்த்தவர்களுக்கு மஞ்சள் பேட்ஜ். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் ஐயா திங்கட்கிழமை வந்து, அம்மா அப்பா முன்னால் அவர் கையாலேயே அதைக் குத்திவிடுவார்.

பென்சில் விழுந்த வாரம்

முதல் வாரம் என் வகுப்பைப் பார்த்திருந்தால் உங்களுக்குக் கண் கலங்கியிருக்கும். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கலங்கியது.

நான் தும்மினேன். "தும்மினதுக்கு நன்றி டீச்சர்" என்று ஒரு குரல். கரும்பலகையை அழித்தேன், நன்றி. வெளியே போனேன், நன்றி. திரும்பி வந்தேன், அதற்கு இரண்டு நன்றி. அதிபர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பதினெட்டுப் பேரும் எழுந்து நின்று, "பாத்ததுக்கு நன்றி சார்!" என்றார்கள். மனிதர் சட்டைப் பொத்தானைத் தடவிச் சரிபார்த்துக்கொண்டு போனார்.

பிரவீன் இன்னும் ஒருபடி மேலே போனான். பென்சிலைக் கீழே போடுவான். பக்கத்துப் பையன் எடுத்துக் கொடுப்பான். எடுத்தவனுக்கு உதவிக்கு ஒரு விதை, பிரவீனுக்கு நன்றிக்கு ஒரு விதை. அடுத்த நிமிடம் பக்கத்துப் பையனின் பென்சில் விழும். மூன்றாம் நாள் வகுப்பெங்கும் டக் டக்கென்று பென்சில் விழும் சத்தம்தான். முனை உடையாத பென்சில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிடும் போலிருக்கிறதே என்று, பென்சிலுக்கு இனி விதை இல்லை என அறிவித்தேன். மறுநாள் றப்பர் விழ ஆரம்பித்தது.

இத்தனை ஆரவாரத்திலும் ஒரு கப்பு மட்டும் ஏறவே இல்லை. அது லக்ஷிகாவின் கப்பு.

அவள் தினமும் தாமதமாக வந்தாள். முதல் பாடவேளையில்தான் நான் விதை போடுவேன். முந்தின நாள் யார் என்ன நல்ல காரியம் செய்தார்கள் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். அது முடிந்த பிறகே லக்ஷிகா மூச்சிரைக்க வாசலில் வந்து நிற்பாள், பாவாடை ஓரம் ஈரமாக இருக்கும். நான் ஏசுவேன். அவள் குனிந்துகொண்டு போய் உட்காருவாள். ஏன் தாமதம் என்று ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. நன்றியுணர்வு கற்பிக்கிற அவசரத்தில் அதற்கு நேரமில்லாமல் போயிற்று.

களவு என்ற சொல்

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

மற்றக் கப்புகளையும் எண்ணினேன். ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோ குறைந்திருந்தது. பிரவீனிடம் முந்தின நாள் முப்பத்தொன்று இருந்தது, இப்போது இருபத்தொன்பது. எனக்கு விஷயம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. அல்லது அப்படி நினைத்தேன்.

முதல் மணி அடித்தது. அன்றைக்கென்று லக்ஷிகாவும் நேரத்தோடு வந்திருந்தாள்.

"லக்ஷிகா, எழும்பு. ஒன் கப்புல இவ்வளவு விதை எப்படி வந்துச்சு?"

அவள் கப்பைப் பார்த்தாள். அவள் முகத்திலும் ஆச்சரியம் இருந்தது. அதை நான் கவனித்தேன், நம்பவில்லை.

"தெரியாது டீச்சர்."

"தெரியாதா? மத்தவங்க கப்புல கொறஞ்சிருக்கு, ஒன் கப்புல கூடியிருக்கு. இதுக்கு என்னா பேரு? களவு."

"நான் களவெடுக்கல டீச்சர்."

குரல் சின்னதாக இருந்தது, ஆனால் நடுங்கவில்லை. வகுப்பைப் பார்த்து, "அப்ப யாரு போட்டது? சொல்லுங்க" என்றேன். தும்மலுக்கே நன்றி சொன்ன பிள்ளைகள் ஆணி அடித்தது போல உட்கார்ந்திருந்தார்கள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு மட்டும் என்ன கூடவா இருக்கும்? பதினெட்டுக் கப்புகளையும் எடுத்து ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கவிழ்த்தேன். "பேட்ஜும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். லக்ஷிகா அழவில்லை. மற்றவர்களும் அழவில்லை.

பாடசாலை விட்டதும் பிரவீன் மட்டும் வாசலில் நின்றான்.

"டீச்சர், கொழுந்துல இப்புடித்தான் செய்வாங்க."

"என்னாடா கொழுந்துல?"

"எனக்குக் கொறஞ்சா நான் இன்னிக்கே சேத்துருவேன் டீச்சர். அவளுக்குத்தான் முடியாது. அவ தம்பியப் புள்ளக்காம்பராவுல விட்டுட்டு வரணும்ல?"

சொல்லிவிட்டு ஓடிவிட்டான். புள்ளக்காம்பரா என்றால், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம். எங்கள் பாடசாலையிலிருந்து அது இரண்டு மலை மடிப்புகளுக்கு அப்பால்.

தராசடியில்

ஒரு உண்மையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மலையகத்துக்காரி என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறவள் நான். ஆனால் வளர்ந்தது ஹட்டன் கடைத்தெருவில். அப்பாவுக்குத் தையல் வேலை. தேயிலையை எனக்குக் கோப்பையில்தான் பழக்கம். கொழுந்து நிறுக்கிற இடத்தை பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி.

அன்று மாலை பஸ்ஸை விட்டுவிட்டுத் தராசடிக்கு நடந்தேன். மழை விட்டு வெயில் லேசாக அடித்தது. பெண்கள் வரிசையாக வந்து சாக்குகளை இறக்கினார்கள். பச்சைக் கொழுந்து வாசம் முகத்தில் அடித்தது. வரிசையின் நடுவில் லக்ஷிகாவின் அம்மா செல்வராணி நின்றார். ஒரு காலில் துணி சுற்றியிருந்தது. சரிவில் வழுக்கிக் கணுக்கால் பிசகியதாகவும், அதனால் கொஞ்ச நாளாக மகளே தம்பியைத் தூக்கிக்கொண்டு போவதாகவும் பக்கத்தில் நின்ற ஒருத்தி சொன்னாள். எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாவாடை ஓரத்து ஈரம் எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

செல்வராணியின் சாக்கு மெலிந்து கிடந்தது. அந்த நாளுக்குச் சொன்ன எடை வராவிட்டால் அரைப் பேர்தான் போடுவார்கள், முழு நாள் வேலை செய்ததாக ஆகாது. தராசு இன்னும் நாலைந்து பேர் தள்ளி இருந்தது. அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

முன்னால் நின்றவள் திரும்பாமலே தன் சாக்கிலிருந்து ஒரு பிடி கொழுந்தை எடுத்துச் செல்வராணியின் சாக்கில் போட்டாள். பின்னால் நின்றவள் ஒரு பிடி போட்டாள். அவளுக்கும் பின்னால் நின்றவள் எட்டி ஒரு பிடி போட்டாள். யாரும் பேச்சை நிறுத்தவில்லை. கோயில் திருவிழாவுக்கு யார் வீட்டில் எந்தச் சேலை என்ற பேச்சு அது. கங்காணி அந்த நேரம் பார்த்து எதிர் மலையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் மலையில் ஒன்றுமே இல்லை.

சாக்கு தராசில் ஏறியது. எடை சரியாக இருந்தது.

நான் செல்வராணியின் பக்கத்தில் போனேன். இரண்டு வாரப் பழக்கதோஷம், வாயில் வந்ததைக் கேட்டேன்:

"அவங்களுக்கெல்லாம் நன்றி சொல்லலீங்களா?"

செல்வராணி சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"நல்லா கேட்டீங்க போங்க. நாளைக்கி அவளுக்குக் கொறஞ்சா நான் போட மாட்டேனா? இதுக்குப் போயி நன்றி சொன்னா, இவ கோவிச்சுக்கிட்டு வெலகிப் போறாளோன்னு நெனைப்பாளுங்க."

பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"திங்கக்கெழம நான் வாரேங்க டீச்சர். கங்காணிக்கிட்ட சொல்லிப்புட்டேன். புள்ளைக்கி ஏதோ பேட்ஜு குத்தப் போறாங்களாமே, நேத்தே ஒரே சந்தோசம். சட்டையத் தொவச்சுப் போட்டுட்டா."

நேற்று. அதாவது கப்பில் ஒன்பதே விதைகள் இருந்த நாள். தனக்குக் கிடைக்காது என்று தெரிந்தும் அம்மாவிடம் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு யாரோ வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். காலையில் நான் வருமுன் பதினேழு பேர் சேர்ந்து அதை நிஜமாக்கப் பார்த்திருக்கிறார்கள். நான் வந்து களவு என்றேன்.

"கட்டாயம் வாங்க" என்று செல்வராணியிடம் சொல்லிவிட்டு வந்தேன். வெட்கமாக இருந்தது. அதை வேறு சொல்லால் எழுத எனக்கு விருப்பமில்லை.

பத்தொன்பதாவது கப்பு

பதினோரு பேட்ஜ்தான் செய்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இன்னும் ஏழு வெட்டினேன். திங்கள் காலை முதல் பஸ்ஸில் போய், ஐயா வருமுன் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு, கப்புகளை நிரப்பி வைப்பதாகத் திட்டம்.

திட்டம் போட்டது நான், மழை போட்டது வேறு திட்டம். வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். வழுக்கினேன், ஒரு செருப்பின் வார் அறுந்தது. பாடசாலை வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றபோது சேலை ஓரம் ஈரம். முதல் பாடவேளை முடிந்திருந்தது.

வகுப்புக்குள் அதிபர், வலயத்து ஐயா, பின்சுவரோரம் பத்துப் பன்னிரண்டு தாய்மார், ஓரமாகச் செல்வராணி. ஐயா ஜன்னல் பக்கம் நின்று கப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கப்புகளைப் பார்த்து என்ன நினைக்கிறாரோ என்று எனக்கு உயிரே போயிற்று.

கப்புகள் வெறுமையாக இல்லை. பதினெட்டிலும் விதைகள் இருந்தன, எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. பக்கத்தில் பத்தொன்பதாவதாக ஒரு கப்பு இருந்தது. கொப்பித் தாளைக் கிழித்து "டீச்சர்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அது கூம்பாகக் குவிந்து, நாலைந்து விதைகள் கட்டையிலும் சிந்திக் கிடந்தன.

"முப்பது விதைக்கு ஒரு பேட்ஜ் என்று நீங்கள் அனுப்பிய அறிக்கையில் இருக்கிறதே?" என்றார் ஐயா. "நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கும் முப்பது இல்லை. இந்த ஒரு கப்பில்தான் இருக்கிறது. இது யாருடையது?"

பிரவீன் எழுந்தான். "எங்க டீச்சரோடது சார். டீச்சர் இன்னிக்கி லேட்டு. கொறஞ்சிரும்னு ஆளுக்கு ஒரு புடி போட்டோம்."

"யாருடைய யோசனை?"

யார் எத்தனை போட்டது என்று தராசடியில் சொல்வதில்லை, இங்கேயும் சொல்லவில்லை. ஆனால் பதினேழு தலைகளும் அவர்களை அறியாமல் ஒரு பக்கம் திரும்பின. அங்கே லக்ஷிகா, துவைத்த சட்டையோடு, குனிந்து கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

"வெள்ளிக்கிழம நான் லக்ஷிகாவக் களவுன்னு சொன்னேன். அது தப்பு. அவ எடுக்கல. நீங்கதான் அவளுக்குப் போட்டீங்க. நீங்க செஞ்சது சரி, நான்தான் வெளங்காம ஏசிட்டேன். என்னய மன்னிச்சுக்கங்க."

செல்வராணியின் முகம் மாறியது. மகளை நான் அப்படிச் சொன்னது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது, நின்றேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சட்டம் சட்டம்தான் டீச்சர்" என்று சொல்லி, முதல் பேட்ஜை என் ஈரச் சேலையில் குத்திவிட்டார். வகுப்பு கைதட்டி ஆர்ப்பரித்ததில் பக்கத்து வகுப்பு பாடத்தை விட்டு ஓடிவந்தது. அந்தப் பேட்ஜை நான் கழற்றி லக்ஷிகாவுக்குக் குத்தினேன். மற்றப் பதினேழையும் ஐயா தானே குத்தினார். கடைசியில் பிள்ளைகள் பழக்கத்தில் "நன்…" என்று ஆரம்பித்தார்கள். போதும் என்று நான் கையைக் காட்டிவிட்டேன்.

எல்லாரும் கலைந்த பிறகு செல்வராணி நொண்டியபடி என் மேசைக்கு வந்தார்.

"புள்ளைய ஏசிட்டீங்களே டீச்சர்."

"ஆமாங்க. தப்புதான்."

பிறகு கையிலிருந்த பையைத் திறந்து, ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தார். உள்ளே இரண்டு ரொட்டியும் சிவக்கச் சிவக்கச் சம்பலும் இருந்தன.

"பஸ்ஸு நின்னுருச்சாம். காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. சாப்புடுங்க."

நன்றி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினேன். "சம்பல் நீங்க அரைச்சதா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க, அவதான்" என்று மகளைக் காட்டினார்.

லக்ஷிகா வாசலில் நின்று, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வாயிலேயே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஒறைக்குதா டீச்சர்?"

"கொஞ்சம்."

"இருங்க, தண்ணி கொண்டாறேன்" என்று ஓடினாள். ஜன்னலைத் தாண்டித்தான் ஓடினாள். கப்புகள் இருந்த பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.